பக்கத்து வீட்டு ஐந்து

ஆரப்பாளையத்தில் ஏறினால்
நாகமலை முடிவதற்குள்
மூன்று வாக்கியம் மனப்பாடமாகிவிடும்.
இன்றைக்கு:
டூ இஸ் ஸ்மாலர் தேன் செவன்.
கோ நெக்ஸ்ட் டோர்.
பாரோ எ டென்.
வாய்க்குள்தான் சொல்கிறேன் என்று நினைப்பு.
கோழித்தீவன மூட்டையோடு உட்கார்ந்திருந்தவர்
"யாருக்கு மந்திரிக்கிறீக?" என்கிறார்.

பயிற்சியில் சொன்னார்கள்:
மொழியைத் தனியாக நடத்தாதீர்கள்.
கணக்கை அந்த மொழியில் நடத்துங்கள்,
மொழி தானாக ஒட்டிக்கொள்ளும்,
சேலைக்கரையில் நாயுருவி விதைபோல.
எல்லாரும் தலையாட்டினோம்.
லெமன் சாதம் வந்தது.

செக்கானூரணியிலிருந்து உள்ளே தள்ளி எங்கள் பள்ளி.
நாலாம் வகுப்பில் இருபத்து மூன்று பேர்.
போன வாரம் கூட்டல்.
கேரி ஒன் என்றேன்.
"கேரிபேக்கா மிஸ்?"
லோகபாண்டி நிஜமாகவே ஒன்றை உருவி எடுத்தான்.
ஒரு கட்டுக் குச்சியை அதற்குள் போட்டு
பத்துகளின் வாசலில் மாட்டினோம்.
தடைசெய்த பைதான், தெரியும்.
கூட்டல் வந்துவிட்டது.

இந்த வாரம் கழித்தல்.
ஐம்பத்திரண்டில் இருபத்தேழு.
பாரோ என்றதும்
இருபத்து மூன்று பேரும் பார்த்தார்கள்,
ஜன்னலை, ஓட்டை, என் முகத்தை.
"எதப் பாக்கணும் மிஸ்?"

பார் இல்லை கண்ணுகளா.
கடன்.

அந்தச் சொல்லுக்கு
ஒருவரும் அர்த்தம் கேட்கவில்லை.

நடித்துப் பார்த்தோம்.
அஃப்ரின் இரண்டு, பவதாரணி ஐந்து,
நடுவில் சுவருக்குப் பதில் ஒரு பெஞ்சு.
இரண்டு போய்த் தட்டியது:
கிவ் மீ டென்.
ஐந்து ஒரு கட்டை எடுத்து நீட்டியது.
ஐந்து நாலாயிற்று,
இரண்டு பன்னிரண்டாயிற்று.
ஏழு போக ஐந்து, இரண்டு போக இரண்டு.
ட்வெண்ட்டி ஃபைவ்!
கைதட்டல் தலைமையாசிரியர் அறைவரை கேட்டிருக்கும்.

பவதாரணி மட்டும்
பெஞ்சுக்கு அந்தப் பக்கமே நின்றாள்.
"எப்ப மிஸ் திருப்பித் தருவா?"

நாகமலையில் இதற்கு வாக்கியம் தயாரிக்கவில்லை.
தமிழிலும் என்னிடம் இல்லை என்பது
சாக்பீஸைக் கீழே வைத்த பிறகு தெரிந்தது.
கடன் வாங்கிக் கழி, கடன் வாங்கிக் கழி என்று
பதினாறு வருடமாகத் தமிழில் ஓடியிருக்கிறேன்.
ஓடுகிறவளுக்கு வழியில் கிடப்பது எங்கே தெரியும்.
அரைகுறை மொழியில்
தட்டுத் தடுமாறி நடந்ததில்
பெருவிரல் இடித்துக்கொண்டது.

"இது கணக்கும்மா. இதில் திருப்ப வேண்டாம்."
"அப்ப அஞ்சு பாவம்ல" என்றான் லோகபாண்டி.
"வட்டியாச்சும்?" என்றது பின்வரிசை.

செவ்வாய்க்கிழமை.
குழுக்காரரின் பைக்
ரேஷன் கடை முன்னால் வந்து நிற்கிற நேரம்.
இந்த நேரத்துக்கு
அம்மாக்களில் இரண்டு மூன்று பேர்
தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் வந்து நிற்பார்கள்,
பிள்ளையைப் பார்க்க வந்ததுபோல.
நாங்களும் எதுவும் கேட்பதில்லை.

சாயங்காலம் நோட்டுத் திருத்தினேன்.
பவதாரணிக்குப் பத்துக் கணக்கும் சரி.
ஓரக்கோட்டுக்கு வெளியே
பென்சிலில் நுணுக்கி எழுதியிருந்தாள்:
அஞ்சுக்கு 10
எட்டுக்கு 10
மூணுக்கு 10
அதற்குக் கீழே ஆங்கிலத்தில்
ஓர் எழுத்துக் குறைய, ரிட்டன்.
நான் சொல்லித்தராத சொல்.

டிக் போடுவதா, சுழிப்பதா?
சிவப்புப் பேனா கொஞ்ச நேரம்
தாளில் படாமல் நின்றது.

மகளிர் பஸ் போய்விட்டது.
தேனி வண்டியில் ஏறினேன்.
சில்லறை இல்லையென்று கண்டக்டர்
டிக்கெட்டின் முதுகில் 6 என்று கிறுக்கித் தந்தார்.
நாகமலை நெடுகிலும்
கிவ் பேக், பே பேக், ரீபே,
ஒன்பது வயதுக்கு எது சரியாக வரும் என்று
மாற்றி மாற்றிச் சொல்லிப் பார்த்ததில்
காளவாசல் வந்து,
இறங்கி,
வண்டி சிக்னலைத் தாண்டிய பிறகுதான்
வளையலுக்குள் செருகியிருந்த டிக்கெட்
உறுத்தியது.