செத்துஜு

பிரட்டு முடிந்து மருந்து கலக்கும் நேரம்
கிளினிக் வேன் ஆபீஸ் வாசலில் வந்து நின்றது.
தெளிக்கிறவங்க மட்டும் வரிசைக்கு வாங்க,
ரத்தம் கொஞ்சம், மூத்திரம் கொஞ்சம்,
கம்பெனி செலவு, காசில்லை என்றார் கோபிநாதன் மண்டோர்.

இரண்டு பக்கத் தாள். மலாயில் எறும்பெழுத்து.
மேல்பாதியைக் கிராணி
உள்ளங்கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டார்,
காற்றுக்காம்.
அன்று செம்பனை ஓலைகூட அசையவில்லை.
கீழே ஒரு கோடு. "இங்கே போடு."
விரலிடுக்கில் ஒரு சொல் மட்டும் தெரிந்தது:
செத்துஜு.
சம்மதம் என்று பொருள்.
நம் வாயில் அது
செத்து என்றுதான் தொடங்குகிறது.

போட்டேன்.
பதினேழு வருடமாய் இப்படித்தான் போடுகிறேன்,
சம்பளச் சீட்டில், மகளின் பள்ளிக்கூடத் தாளில்,
தவணைக்கு எடுத்த வாஷிங் மிஷினுக்கு.
மிஷினுக்காவது கடைக்காரன்
மூன்று தடவை விளக்கினான்.

என் குப்பிக்கு எண் இருபத்து மூன்று.
மூத்திரம் எதற்கு என்று தாதியைக் கேட்டேன்.
இனிப்பு நீர் பார்க்க, என்றாள்
ஊசியிலிருந்து கண்ணெடுக்காமல்.

வியாழக்கிழமை, சுங்கை தெராப் பசார் மாலாம்.
மீன்காரி ஜெகதாம்பாள்
ஒரு கெம்போங் மீனைக் கூடுதலாகப் பையில் போட்டாள்.
"இரண்டு உயிருக்குச் சாப்பிடணும்ல."
எந்த இரண்டு?
ஈரக் கையைத் துடைத்துப் போனை நீட்டினாள்.
மண்டோரின் வாட்சாப் குழு. அவள் தம்பியும் அதில் இருக்கிறான்.
'வேலை மாற்றம்' என்று தலைப்பிட்டு
தாளைப் படம் பிடித்துப் போட்டிருந்தார்கள்,
நாற்பத்தோரு பேர், ஐ.சி. நம்பரோடு.
வீரப்பனுக்குச் சீனி பன்னிரண்டு.
ரபியுலுக்கு ஈரலில் ஏதோ.
இருபத்து மூன்று, தவமலர், வயது நாற்பத்தொன்று:
ஒரு கூட்டல் குறி.
அந்தக் கட்டத்தின் பெயர் ஹாமில்.

என் வீட்டுக்காரர் ஜொகூரில் லாரியில் இருந்தார்.
அவருக்கு முன்னால் மீனுக்குத் தெரிந்துவிட்டது.
வீட்டில் மகள் கதவைத் தாழிட்டிருந்தாள்;
அவளுக்கு வகுப்புத் தோழி சொல்லியிருந்தாள்.

ஆபீசுக்குப் போனேன்.
என் தாளை நான் பார்க்கணும்.
கிராணி கண்ணாடியைக் கழற்றினார்.
"அது ரகசியம்மா. யாருக்கும் காட்டக்கூடாது."
சுவர் விசிறி அவருக்குப் பின்னால்
இல்லை இல்லை என்று தலையாட்டியது.

புல் வெட்ட மாற்றினார்கள்.
தெளிப்பு அலவன்ஸ், நாளுக்கு எட்டு வெள்ளி, போயிற்று.
பதினேழு வருடமாய் என் தோலில் குடியிருந்த வாடை
இப்போதுதான் அவர்களுக்கு விஷமானது.

பதினோராவது வாரம், ஒரு விடிகாலை,
குளியலறையில் முடிந்தது.
அதை யாரும் குழுவில் போடவில்லை.
தீபாவளி வரைக்கும் வாழ்த்துச் சொன்னார்கள்.

இந்த வருடமும் வேன் வந்தது. என்னையும் கூப்பிட்டார்கள்.
அதே மேசை, அதே கோடு, அதே உள்ளங்கை.
கையை எடுங்க கிராணி.
எடுக்கவில்லை.
நானே எடுத்து மேசை ஓரமாய் வைத்தேன்;
நினைத்ததைவிட இலேசாக இருந்தது அந்தக் கை.
படிங்க. தமிழில். முதல் வரியிலிருந்து.
என்ன எடுப்பீங்க, எதைத் தேடுவீங்க,
யார் யார் பார்ப்பாங்க,
வேண்டாம்னு சொன்னா வேலை இருக்குமா.

மண்டோர் மணி பார்த்தார். வேன்காரன் ஹார்ன் அடித்தான்.
பின்னால் முப்பது பேர், கையில் காலிக் குப்பி,
ஒருவரும் முனகவில்லை.
ரபியுலுக்குத் தமிழும் அரைகுறை, மலாயும் அரைகுறை;
காதை மட்டும் முன்னால் நீட்டி நின்றான்.

கிராணி தொண்டையைச் செருமிக்கொண்டார்.
சாயா. அதுதான் முதல் சொல்.
"நான்..." என்றார்.
அதற்குமேல் படிக்காமல்
தலையைத் தூக்கி
என்னைப் பார்த்தார்.