நூற்று எழுபத்தொன்று

கைக்கடிகாரம் புளுகும் என்று புரிய
மூன்று மாதமானது எனக்கு.
ஓடும்போது நாடியை விட்டுவிட்டு
காலடிகளை எண்ணி
இந்தா உன் இதயம் என்று நீட்டும்.
சாரல் காலத்தில் மணிக்கட்டு சில்லிட்டால்
இன்னும் மோசம்.

அதனால்தான் இந்த மார்புப் பட்டை, தவணையில்.
ரப்பர் திட்டு இரண்டையும் நனைத்துக் கட்ட வேண்டுமாம்.
தண்ணீர் பாட்டில் ஸ்கூட்டரில் கிடந்தது.
எச்சில் தொட்டுக்கொண்டேன்.

புளியரை சோதனைச்சாவடி, காலை ஐந்தே முக்கால்.
ஏழரைக்கு என் வேலை ஆரம்பம்:
கேரளத்திலிருந்து வரும் கோழி வண்டிகளின் டயருக்கு
கிருமி மருந்து அடிப்பது.
அதற்குள் எஸ் வளைவு ஏறி இறங்கிவிடலாம்.

சாயாவா டீயா என்று கேட்டுப் போடும் கடை வாசலில் நின்று
சென்சார் சேர் என்பதை அழுத்தினேன்.
தேடியது. தேடியது.
இரண்டு எண்கள் வந்தன.
40718.
40781.
என்னுடையது எதுவென்று பட்டையின் முதுகில் அச்சிட்டிருக்கும்.
பட்டை பனியனுக்குள்,
பனியனுக்கு மேல் ஜெர்கின்,
எதிர் பெஞ்சில் ஐந்து ஆண்கள்.
மேலே இருந்ததைத் தொட்டேன்.
எழுபத்தாறு என்றது.
நம்பும்படிதான் இருந்தது.

முதல் வளைவுக்கு முன்பே எண் போய்விட்டது,
வெறும் இரண்டு கோடு.
ஈரம் காய்ந்திருக்கும் என்று
பட்டையை மேலே இழுத்துவிட்டு ஓடினேன்.
மூடுபனியில் ரோட்டோர வெள்ளைக்கோடு மட்டும்
கூடவே வந்தது.
மரம் ஏற்றிய லாரி ஒன்று
முதல் கியரில் முனகிக்கொண்டு இறங்கிப் போனது.
பிறகு யாருமில்லை.

மூன்றாவது வளைவில் கை அதிர்ந்தது.
நூற்று எழுபத்தொன்று.

நூற்று அறுபதைத் தாண்டினால் அதிரச் சொல்லி
நான்தான் வைத்திருந்தேன்.
அப்பாவுக்கு நாற்பத்தொன்பது வயதில் நின்றது,
பஸ்ஸில், ஜன்னலோர சீட்டில்,
நடத்துநர் எழுப்பிப் பார்க்கும்வரை யாருக்கும் தெரியாமல்.
ஆகவே நின்றேன்.
மூச்சை இழுத்து இழுத்து விட்டேன்.
நூற்று எழுபத்திரண்டு.
இன்னும் கொஞ்சம் நின்றேன்.
நூற்று எழுபத்தைந்து.

கழுத்தில் இரண்டு விரல் வைத்து எண்ணினேன்.
பத்து நொடிக்கு பதினெட்டு.
ஆறால் பெருக்கினால் நூற்றெட்டு.
திரும்ப எண்ணினேன், பதினேழு.

அப்படியென்றால் என் கையில் இப்படித் துடிப்பது யார்?

அப்போதுதான் ஈட்டா கிளை ஒடிகிற சத்தம்.
பனிக்குள் பனியைவிடக் கறுப்பாக ஒரு சுவர்
ரோட்டை மெதுவாகக் கடந்தது.
வால் கடந்தது.
பின்னால், அவசரமே இல்லாமல்,
இடுப்புயரக் குட்டி ஒன்று.
கீழே யாருடைய வாழைத்தோட்டமோ
நெறுநெறுவென்று முறிந்தது.

நான் பார்த்தது யானையை அல்ல, எண்ணை.
நூற்று அறுபத்தெட்டு.
நூற்று ஐம்பது.
நூற்று முப்பத்தொன்று.
இறங்க இறங்க என் முழங்கால் நடுங்க ஆரம்பித்தது.

அந்தப் பக்கத்துப் பனியிலிருந்து
சைக்கிளை உருட்டிக்கொண்டு ஒருவன் வந்தான்.
மஞ்சள் ஹெல்மெட், நரைத்த தாடி.
பெஞ்சில் இருந்த ஐவரில் கடைசி ஆள்.
ஆரியங்காவு பக்கம், பெயர் ரெஜிமோன் என்றான்.
பயந்துட்டீங்களா என்று கேட்டேன்.
ஏய், பேடியொன்னுமில்ல என்று சிரித்தான்.
என் கையில் நூற்று நாற்பத்தாறுக்கு ஏறியது.

சொல்லவில்லை.
சொல்லியிருக்கலாம்.
உங்கள் பயத்தால்தான் நான் முப்பதடி முன்னால் நின்றேன் என்று
எந்த மொழியில் தொடங்குவது?
அவன் மிதித்து மேலேறினான்.
அடுத்த திருப்பத்தில் மறுபடி இரண்டு கோடு.

சாவடியில் பீர்முகைதீன் தெளிப்பானைத் தோளில் மாட்டி
வரிசையில் ஏழு வண்டி நிற்குது மேடம் என்றான்.
ஒரு நிமிஷம் என்றேன்.
40718-ஐ அழுத்திப் பிடித்தேன்.
இந்த சென்சாரை மறக்கவா என்று கேட்டது.
ஆம் என்பதற்கும் இல்லை என்பதற்கும் இடையில்
கட்டைவிரல் கொஞ்சம் நேரம் எடுத்தது.
கேட்காமல் ஒருவர் நெஞ்சை வைத்திருக்கக் கூடாது.
ஆம்.

பிறகு அடுத்ததைச் சேர்த்தேன்.
எண்பத்து நான்கு.
இவ்வளவுதானா நான் என்று தோன்றியது.
முதல் லாரி ஹாரன் அடித்தது.
எண்பத்தொன்பது.