நட்சத்திரக் குறியிட்ட கட்டம்

டர்பனில் ஜனவரி. உம்கேனி சாலைக் கட்டடத்தின்
மொட்டைமாடியில் நான்கு ஏசி யூனிட்.
இரண்டின் கம்ப்ரஸர் செத்திருந்தது,
ஒன்றில் கேஸ் கசிவு,
நான்காவதில் பல்லி.
மூன்று நாள் வேலை. தகரச் சூடு முழங்காலில்
வட்ட வட்டமாய் இன்னும் இருக்கிறது.

பில்லில் என் பெயரை எழுதினேன்:
திலோஷனி முனுசாமி.
அடியில் வரி எண், வங்கிக் கணக்கு எண்,
பதினெட்டாயிரத்து நானூறு ராண்ட்.

ஏழாம் மாடியில் கணக்குப் பிரிவு.
நொம்புசோ நல்லவள்தான்.
"கம்பெனி பெயர்?" என்றாள்.
எழுதியிருக்கிறேனே.
"இது ஆள் பெயர், சிஸ்டர்."
ஆள்தானே வந்து வேலை செய்தது.
"பதிவு எண் கட்டத்தில் நட்சத்திரக் குறி இருக்கிறது.
நிரப்பாவிட்டால் அடுத்த பக்கம் திறக்காது."
சொல்லிக்கொண்டே
சால்வையைத் தோளுக்கு இழுத்துவிட்டுக்கொண்டாள்.
அறையில் பத்தொன்பது டிகிரி.
நான் வைத்த பத்தொன்பது.

ராத்திரி அத்தான் வேலேந்திரன் சொன்னார்:
"கம்பெனி ஒன்று போட்டுவிடு. போனிலேயே முடியும்.
நான்கு பெயர் கேட்பார்கள், ஒன்று தருவார்கள்."
தென்றல் கூலிங். யாரோ வைத்திருக்கிறார்கள்.
மார்கழி ஏர். அதுவும் போயிற்று, பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில்.
பனித்துளி என்ற கம்பெனி எப்போதோ மூடிவிட்டது,
பெயரை மட்டும் விடவில்லை.
நான்காவதாகப் பூனையின் பெயரைப் போட்டார்.
அது கிடைக்கும் போலிருந்தது.

வருஷாவருஷம் அதற்கொரு கணக்குத் தாக்கல்,
அதற்கென்று தனி வங்கிக் கணக்கு,
மாதம் பிறந்தால் அதன் கட்டணம்.
எனக்குச் சோறு போட வருவது
முதலில் தனக்கு இலை போடு என்கிறது.

ஓவர்போர்ட்டில் டயர்க் கடைக்கு மேலே குபாஷ்னி,
என்னோடு படித்தவள், ஊருக்கு வரிக்கணக்கு எழுதுகிறவள்.
ஒரு கையில் சமோசா, வாய் நிறையச் சட்டம்:
"சட்டத்துக்கு நீ போதும்டி.
அவன் படிவத்துக்குத்தான் போதவில்லை.
நாளைக்கு நாலு ஆள் வைத்தாயென்றால்,
நீ மாட்டிய யூனிட் எவன் காரின் மேலாவது விழுந்து
கோர்ட்டுக்கு இழுத்தானென்றால்
அன்றைக்குக் கம்பெனி ஒரு குடை.
செய்த வேலைக்குக் காசு வாங்கக் குடை எதற்கு?"
பிறகு சட்னியை நக்கிவிட்டு,
"ஆனால் காசு அவனிடம்தானே இருக்கிறது" என்றாள்.

மறுபடி ஏழாம் மாடி.
நொம்புசோவின் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன்.
பதிவு எண்: என் அடையாள அட்டையின் பதிமூன்று இலக்கம்.
கட்டம் ஏற்றுக்கொண்டது. அதற்குக் கணக்கு தெரியவில்லை,
நிரம்பினால் போதும்.
தொடங்கிய தேதி: முதல் ஆறு இலக்கமே சொல்லும்,
எழுபத்தொன்பது, ஆகஸ்ட் நான்கு,
சாட்ஸ்வொர்த், பிரசவ வார்டு.
இயக்குநர்கள் எத்தனை பேர்?
அவள் என்னைப் பார்த்தாள், நான் அவளை.
ஒன்று.
நிறுவன வகை என்ற பட்டியல் நீண்டுகொண்டே போய்
கடைசியில் "மற்றவை" என்று நின்றது.
தட்டினாள்.
பக்கம் திறந்தது.

முப்பத்தெட்டு நாள் கழித்துப் பணம் வந்தது,
"மதிப்புக்குரிய ஐயன்மீர்" என்ற கடிதத்தோடு.
அத்தானிடம் காட்டினேன். பூனையைத் தடவிக்கொண்டு
பேசாமல் இருந்தார்.

மார்ச்சில் நொம்புசோவின் போன்:
மூன்றாம் யூனிட் மறுபடி சொட்டுகிறது,
மேனேஜர் மேஜைமேல் வாளி வைத்திருக்கிறார்கள்,
உடனே வா.
வருகிறேன்,
முதலில் ஆர்டர் எண்ணை அனுப்பு என்றேன்.