பதினேழாம் துளை

ஏரிக்கும் கடலுக்கும் நடுவே, காப்ராஸில்,
அந்தியோகோ வீட்டுக்கும் என் வீட்டுக்கும் ஒரே சுவர்.
வெயில் விழும் பக்கம்
நாற்பத்தொரு நாணல் துண்டுகளைக் கம்பியால் இறுக்கி மாட்டியிருந்தார்,
கொத்தன் தேனீக்களுக்கு.
மீன் ஏலக்கூடத்தில் கணக்கு எழுதிய கை.
எந்தத் துளை என்று மண்ணால் அடைபட்டது,
எத்தனை வெளியே வந்தன,
எல்லாம் நாட்காட்டியின் பின்பக்கம்.

சுவரடியில் காட்டுக் கேரட்டை வெட்டாமல் விட்டது நான்.
மே மாதம் அதன் வெள்ளைக் குடையில்
வந்து உட்காரும் அந்த வண்டு:
பவழச் சிவப்பில் கருநீலப் பட்டைகள்,
உடம்பெல்லாம் மயிர்,
வாயோரம் மகரந்தம் அப்பி,
ஊர்வல பேண்டுச் சீருடையைக் கழற்றாமலே
விருந்தில் புகுந்தவன் மாதிரி.
வேலைக்கு ஓடும் அவசரத்திலும் குனிந்து பார்ப்பேன்.
ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில்
எட்டு மணி நேரமும் வெள்ளையையே பார்க்கிறவள்.

நவம்பரில் நாணலைப் பிளந்தார்.
எட்டு அறை இருக்க வேண்டும், எட்டுக் கூடு.
தடுப்பெல்லாம் இடிந்து ஒரே நீளக் கூடம்.
நடுவில் இளஞ்சிவப்பாய் ஒரு புழு,
வால் நுனியில் இரண்டு கொக்கி.
அசையவில்லை. பயப்படவுமில்லை.
“போனாரியா, உன் விருந்தாளியின் பிள்ளை” என்றார்.
முன் அறைகளில் ஆண்கள், கடைசியில் பெண்கள்;
ஒரு கதவையும் தட்டாமல் போயிருக்கிறது.

பூவிலேயே காத்திருந்து
தாய்த்தேனீயின் மயிரைப் பற்றிக்கொண்டு
அவள் மேலேறியே வீடு வந்து சேருமாம்.
எங்கோ கேட்டது; பொய்யாகவும் இருக்கலாம்.
எனக்குத் தூக்கம் போனது அதில்தான்.
சுமந்தவளுக்குக் கனம் தெரிந்திருக்குமா?

கேரட்டைப் பிடுங்கு என்று அவர் சொல்லவில்லை.
சொல்லியிருந்தால் சண்டை போட்டிருக்கலாம்.
பதினோரு நாள் சுவரோடு பேசினோம்,
அவர் அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம்.

மிஸ்திரால் காற்று ஓய்ந்த காலை
என் சன்னல் விளிம்பில் அந்த நாணல்,
இரு பாதியும் சேர்த்துக் கறுப்பு டேப் சுற்றி.
கூடவே ஒரு சீட்டு:
“எட்டு அறைக்கு வாடகை பாக்கி. நீயே வசூல் பண்ணு.”
சிரித்தேன். கையில் எடுத்தேன்.
கனமே இல்லை.
அடுப்பு எரிந்துகொண்டிருந்தது, இரண்டடி தள்ளி.

கொஞ்ச நேரம் அப்படியே நின்றேன்.
பிறகு போய், மழை படாத மூலையில்,
மற்ற நாற்பதுக்கும் எட்டாத தூரத்தில் செருகினேன்.

ஏப்ரல் கடைசியில் டேப்பின் ஓரம் ஒரு ஓட்டை.
யார் வந்ததென்று பார்க்கவில்லை, எனக்குப் பகல் வேலை.
அவர் நாட்காட்டியில்
பதினேழுக்கு எதிரே எழுதியிருந்தது:
ஒன்று.