ஆக்லி சாலைப் பள்ளம்

வரைபடத்தில் தண்ணீர் நீலக்கோடு.
எரிவாயு மஞ்சள். மின்சாரம் சிவப்பு.
ஆக்லி சாலையை வெட்ட வந்த எங்களிடம்
மூன்றுக்கும் அனுமதிச் சீட்டு இருந்தது.
நான்காவதாக ஒன்று கிடக்கிறதென்று
நகரசபையில் யாரும் மூச்சுவிடவில்லை.

செவ்வாய், காலை ஏழரை.
ஸ்கெல்வுட் இன்னும் பல் துலக்கவில்லை.
துலக்கவும் முடியாது, வால்வை மூடியவன் நான்.
முதலில் வந்தவர் சலவைக்கடை விண்டர்பாட்டம்:
பதினொரு இயந்திரமும் வாய்பிளந்து நிற்கிறதாம்.
அடுத்து மீன்வறுவல் கடை ஹாரிக்ளியா:
"வெள்ளிக்கிழமைவரை இழுத்தாயோ,
உன்னைத்தான் மாவில் தோய்ப்பேன்."
ஒளு செய்யத் தண்ணீர் கேட்டு
ஏமன்காரர் பள்ளிவாசலிலிருந்து முக்பில்.

நடைபாதையில் ஒரு குழாய் நட்டோம்.
குடம் என்ற பொருளே இல்லாத ஊர்.
தேநீர்க் கெண்டி வந்தது, பெயிண்ட் டப்பா வந்தது,
கடற்கரையில் மணல்வீடு கட்டும் சிவப்பு வாளி வந்தது.
குழாயடிதான், ஆனால் சண்டை இல்லை;
வரிசையில் நிற்பது இவர்களுக்குப்
பாதி வழிபாடு.

பத்தேகாலுக்கு
இயந்திரத்தின் பல் தாருக்கடியில் கணீரென்றது.
கல் அப்படிப் பேசாது.
மண்ணை வாரினால்
தண்டவாளம்.
இரண்டு கோடுகள், மேட்டைப் பார்த்து ஏறியபடி,
எழுபது வருடமாக ஒருவரையும் ஏற்றாமல்.

வாளியோடு வந்தவர்கள் வாளியை மறந்தார்கள்.
நூலகம் செவ்வாயும் சனியும் மட்டும், அதுவும் ஒருமணிவரை.
அதைப் பூட்டிவிட்டே ஓடிவந்தாள் ரோவீனா,
கையில் ஒரு புகைப்படம்:
பல்புமாலை போட்ட கடைசி டிராம்,
படிக்கட்டில் தொங்கும் நாற்பது முகங்கள்.
ஒன்றையும் யாருக்கும் தெரியவில்லை.
காதைப் பார்த்து விண்டர்பாட்டம் குலமென்றார்கள் ஒன்றை.
அவர் தம் காதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

மூன்று பண்ணையும் ஒரு கல்குவாரியுமாய் இருந்த மேடு.
டிராம் முதலில் வந்ததாம்,
வீடுகள் அதன் பின்னால் மூச்சுவாங்கி ஏறினவாம்.
ஆண்கள், பெண்கள் என்று கல்லில் செதுக்கிய
இரு வாசல் குளியல்நிலையம் பிறகு.
இன்று அதன் வற்றிய குளத்துக்குள்
காசு கொடுத்துச் சுவரேறுகிறார்கள்.
சந்திப்பிலிருந்த பொதுக் கழிப்பறை
இப்போது ஏழு நாற்காலிக் காபிக்கடை.
காபி நன்றாகத்தான் இருக்கிறது.

நாற்பதிலிருந்து நாற்பத்தாறுவரை வீட்டெண் கிடையாது.
அங்கே வரிசையாகக் கார்க் கொட்டகைகள்.
அதன் எதிரே மட்டும் தண்டவாளம் வேறு நிறம்,
ஒட்டுப்போட்ட புது இரும்பு.
"டிசம்பர் குண்டு" என்றாள் ரோவீனா.
நான்கு வீடு. அதற்குமேல் சொல்லவில்லை.
சற்று நேரம் குழாய் மட்டும் ஒழுகிக்கொண்டிருந்தது.
பிறகு விண்டர்பாட்டம்:
"அந்தப் பள்ளத்தை மூன்றே நாளில் மூடி
நாலாம் நாள் டிராம் விட்டார்கள்.
நீங்கள் எத்தனை நாள் எடுப்பீர்கள்?"

ஒன்பது நாள் எடுத்தோம்.

மேலதிகாரி எழுதினார்: குழாய் போகுமிடத்தில்
இரண்டு மீட்டர் அறு, மற்றதை விடு.
அறுத்தேன். பொறி பறந்தது,
பள்ளிக்கூடம் விட்ட பிள்ளைகள் கைதட்டினார்கள்.
எதற்கென்று தெரியவில்லை, எனக்குக் கூசியது.
ஒரு சாண் துண்டு ஹாரிக்ளியாவின் கதவுக்கு முட்டு.
நகரசபைச் சொத்தென்று கடிதம் வந்ததாம்;
அதில் ஒரு பொட்டலம் கட்டி அனுப்பினாளாம்.

தார் ஊற்றினோம். வால்வைத் திறந்தேன்.
பதினொரு இயந்திரமும் ஒரே குரலில் தொடங்கின.

முப்பத்தெட்டாம் எண் பேருந்து
அந்த இடத்தில் இன்னும் துள்ளுகிறது.
புகார் எண் கொடுத்திருக்கிறார்கள்.
பதிவேட்டில் மூன்று நிறத்துக்குத்தான் கட்டம்.
ஓரத்தில் பென்சிலால் இரண்டு கோடு இழுத்து
நடுவே கொஞ்சம் இடம் விட்டேன்.