நான்கு சதுரங்கள்

ஹாலின் மேற்குச் சுவரில்
செங்கோடன் நாலு சதுரம் அடித்துவிட்டுப் போனார்.
ஒவ்வொன்றும் ஒரு செய்தித்தாள் அகலம்.
"பார்த்துட்டே இருங்க.
எது உறுத்தலையோ அதைச் சொல்லுங்க.
திங்கக்கெழம வர்றேன்."
எந்தத் திங்கள் என்று சொல்லவில்லை.

ஜாகீர் அம்மாபாளையத்தில் இரண்டாம் மாடி.
பத்திரத்தில் என் பெயர் மட்டும்,
பதினெட்டு வருடத் தவணை.
ரயில் போகும்போது
அலமாரி டம்ளர்கள் லேசாகப் பேசிக்கொள்ளும்.

ஒன்று பச்சை:
ஏற்காட்டுப் பாதையில் பதினோராவது வளைவில்
குமட்டல் அடங்கிக் கண் திறந்தால்
பஸ் ஜன்னல் முழுக்க நிற்குமே, அது.
இரண்டாவது மல்கோவா,
காம்போரம், இன்னும் பழுக்காத பக்கம்.
மூன்றாவதற்கு அட்டையில் ஏதோ கடல் பெயர்.
எனக்கு அது உருக்காலை ஷிப்ட் பஸ்.
நான்காவதை வெள்ளை என்றார்.
வெள்ளையில்லை.
ஜவ்வரிசி வேகும்போது
நடுவில் ஒரு பொட்டு மட்டும்
வேகாமல் நிற்கும் நேரம்.

பால் காய்ச்சிய மறுநாளிலிருந்து
ஒவ்வொருவராக வந்தார்கள்.

எதிர்வீட்டு ரஷீதா
குழந்தையை இடுப்பு மாற்றிக்கொண்டே
"பச்சைதான், கேள்வியே இல்ல" என்றாள்.
குழந்தை எட்டி மல்கோவாவை நக்கியது.

அக்கா வளர்மதி
கைப்பையைக்கூட இறக்கவில்லை.
"மேற்குக்குச் சாம்பலா?
உங்க அத்தான்கிட்ட கேட்டாலும் இதையேதான் சொல்வாரு."
அத்தான் அப்போது நாமக்கல்லில்
லாரிக்கு டயர் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆபீஸ் ஜெர்லின் ஒரு கண்ணை மூடிப் பார்த்தாள்.
"சோபா என்ன கலர்?"
சோபா இல்லை.
"திரைச்சீலை?"
இல்லை.
"அப்ப நான் எதுவும் சொல்ல முடியாது."
சொல்ல முடியாது என்பதை
முக்கால் மணி நேரம் சொன்னாள்.

கீழ்வீட்டுக் குழந்தைவேலு சார்
பின்னால் கை கட்டி நின்று
"நாலுமே நல்லாத்தான் இருக்கு" என்றார்.
இதைவிடக் கொடுமையாக
யாரும் என்னிடம் பேசியதில்லை,
பெண் பார்த்துவிட்டுப் போனவர்கள் உட்பட.

எல்லாருக்கும் தலையாட்டினேன்.
பச்சைக்கு ஆமாம்.
சாம்பல் வேண்டாம் என்பதற்கும் ஆமாம்.
ராத்திரி விளக்கை அணைத்தால்
நாலும் ஒரே நிறம்.
அதில்தான் கொஞ்சம் தூக்கம் வந்தது.

அப்புறம் சிலிண்டர் கொண்டுவந்த சித்தேஸ்வரன்.
இரண்டு மாடி ஏறிய மூச்சு இறங்கும்வரை,
நான் கையெழுத்துப் போடும் நேரம்வரை,
சுவரையே பார்த்தார்.
நானும் பேனாவை நிறுத்திக் காத்திருந்தேன்.
"ஸ்விட்ச் போர்டு சாஞ்சிருக்குங்க்கா."

சாய்ந்துதான் இருக்கிறது.
இடது மூலை ஒரு விரற்கடை தாழ்வு.
அன்றிலிருந்து அந்தச் சுவரில்
நிறம் என்று எதுவும் எனக்குத் தெரியவில்லை.
சாய்வு மட்டும்.
காலை ஏழு பத்துக்குக் கிழக்கு ஜன்னல் வெயில்
தன் பங்குக்கு ஐந்தாவதாக ஒரு சதுரம் அடித்தது.
அதுவும் கோணல்.

மூன்று திங்கள் போனபின்
செங்கோடன் போனில் கேட்டார்:
"இன்னும் யாராச்சும் வந்து பார்க்கணுமா?"

இருங்கள் என்று சொல்லி
வெளியே போய்க் கதவைச் சாத்தினேன்.
செருப்பை மாட்டினேன், கழற்றினேன்.
விருந்தாளி மாதிரி தயங்கி உள்ளே வந்தேன்.
தண்ணி குடிக்கிறீங்களா என்று கேட்க ஆளில்லை.
மல்கோவாவில், இடுப்புயரத்துக்குச் சற்று மேலே,
குழந்தையின் நாக்கு பட்ட இடம்
ஒரு ரூபாய் அகலத்துக்கு மங்கியிருந்தது.

"ரெண்டாவது" என்றேன்.

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை.
"ரெண்டாவதா?
அது கார்டுலயே இல்லீங்க.
ஃபேர்லண்ட்ஸ்ல ஒரு வீட்ல மிஞ்சினது,
டப்பா காயுதேன்னு அடிச்சு வெச்சேன்.
கலந்து பார்க்கலாம்.
அதேதான்னு மட்டும் சொல்ல முடியாது."

கலங்க, என்றேன்.
வரும்போது
ரசமட்டம் ஒன்றும் எடுத்துக்கொண்டு வாங்க.