மீட்டருக்குச் சில்லறை

செவ்வாய்க்கிழமைகளில் அவன் போக்குவரத்து அதிகாரி.
ஆறு வயது. பெயர் ஸ்ட்ரூவன்.
மார்பில் பொருத்திய குழாயின் முனையைச்
சட்டைப்பைக்குள் செருகிக்கொண்டு
என் அறைக் கம்பளத்தில் கட்டம் கட்டமாகப்
பிளாஸ்திரி ஒட்டுவான்.
கார் நிறுத்துமிடம்.

பத்துக் கார்கள், ஒரு டிராக்டர்,
சக்கரம் கழன்ற ஐஸ்கிரீம் வண்டி.
காலித் தண்ணீர்ப் புட்டிதான் மீட்டர்.
ஒரு பொத்தானுக்கு ஒரு மணி நேரம்.
ஆம்புலன்சுக்கும் அபராதச் சீட்டு எழுதினான்.
"அவசரம், உள்ளே நோயாளி" என்றேன்.
"எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க"
என்றான், நிமிராமலே.

நான் கேள்வி கேட்பதில்லை.
கேட்டால் பிள்ளைகள்
நமக்குப் பிடித்த பதிலாகத் தேடித் தந்துவிடுவார்கள்.
காத்திருப்பது என் வேலை.
இதற்குச் சம்பளமா என்று
என் அண்ணன் சிரிப்பான்.

அபெர்தீனில் அன்று கடல்மூட்டம்.
ஜன்னலுக்கு வெளியே துறைமுகம் இல்லை,
கருங்கல் தெருக்கள் இல்லை,
கடற்காகங்களின் கத்தல் மட்டும்
எங்கிருந்தோ, பசியோடு.
அவன் அப்பா வேலை பார்க்கும் எண்ணெய் மேடையிலிருந்து
மூன்று நாளாக ஹெலிகாப்டர் வரவில்லை.

அன்றுதான்
சிவப்புக் கோட்டுப் பொம்மையை எடுத்தான்.
சோப்புப் பெட்டிக் கட்டிலில் ஓர் ஆமை படுத்திருந்தது.
பொம்மையை அதன் பக்கத்தில் உட்கார வைத்தான்.
வெள்ளைக் கோட்டு ஒன்று வந்து
பொம்மையின் காதோடு ஏதோ சொல்லிவிட்டுப் போனது.
சிவப்புக் கோட்டு எழுந்தது:
"மீட்டருக்குச் சில்லறை போட்டுட்டு வந்துடறேன் செல்லம்."

கம்பளத்தின் மறுகோடி வரை தூக்கிப் போனான்.
மீட்டரில் நிற்கவில்லை.
நீலக் காருக்குள் அவளை வைத்துக்
கதவைச் சாத்தினான்.
வெகுநேரம் ஒன்றும் நடக்கவில்லை.
ஆமை காத்திருந்தது.
நானும்.

பிறகு, கணக்கு ஒப்பிக்கும் குரலில்:
"இந்த ஆஸ்பத்திரியில காருக்குக் காசே கிடையாது.
வாசல்ல பலகை இருக்கு.
'இலவசம்' எனக்கு வாசிக்கத் தெரியும்.
அம்மாவுக்கு அது தெரியாது."

பயிற்சியில் கொடுத்த வாக்கியங்கள் என்னிடம் இருந்தன,
சலவை செய்து மடித்த துண்டுகள்போல்.
ஒன்றையும் எடுக்கவில்லை.
"ஆமைக்குத் தெரிஞ்சிருக்கு" என்றேன்.
"ஆமைக்கு எப்பவோ தெரியும்."

எழுந்து, குழாயைச் சரிசெய்துகொண்டு,
புட்டியைத் தூக்கி வந்து
ஆமையின் கட்டிலை ஒட்டி வைத்தான்.
"இனி இங்கேயே போடலாம். உட்கார்ந்தபடியே."
கொஞ்சம் யோசித்து
என் மேசையிலிருந்த டிஷ்யூ பெட்டியையும்
இழுத்து வைத்தான்.

"இதை அம்மாகிட்ட நான் சொல்லலாமா?"
நெடுநேரம் ஐஸ்கிரீம் வண்டியைத் தள்ளினான்.
"ஆபீசர் சொன்னார்னு சொல்லக் கூடாது.
ஆமை சொன்னதாச் சொல்லு."

நடைகூடத்தில் எய்லி
கார்ச் சாவியோடு நின்றிருந்தாள்.
ஆமை சொன்னதைச் சொன்னேன்.
முதலில் சிரித்தாள்.
சாவியைக் கோட்டுப் பைக்குள் போட்டாள்.
வெளியே எடுத்தாள்.
மறுபடி போட்டாள்.

கோப்பில் நான் எழுதியது இவ்வளவுதான்:
நாற்பது நிமிடம். கார் விளையாட்டு.
இருமல் இல்லை.

அடுத்த செவ்வாய்
அவள் தரையில் உட்கார்ந்திருந்தாள்,
சிவப்புக் கோட்டைக் கழற்றாமல்,
மடி நிறையப் பொத்தான்களோடு.
ரத்தத்தின் எண்ணிக்கை நன்றாக இல்லை என்று
காலையில்தான் சொல்லியிருந்தார்கள்.
அவள் எழுந்து போகவில்லை.
மூக்கு சிவந்து, முகம் நனைந்து,
அங்கேயே இருந்தாள்.

அதிகாரி சுற்றி வந்து பார்த்தார்.
வெள்ளைக் கோட்டுக்கு வெளியே
அவள் கால் நீண்டிருந்தது.
சீட்டைக் கிழித்து நீட்டினார்:
மூன்று பொத்தான் அபராதம்.

பேரம் பேசிப் பார்த்தாள்.
நடக்கவில்லை.
எண்ணிக் கொடுத்தாள்.